கொடைக்கானலுக்கு பெரிய பஸ் பிடிக்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு டேப் போட்டு அளந்து பாருங்க!

வத்தலக்குண்டு:
பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. தெருவில் ஆளுக்கு கொஞ்சம் பணம் போட்டு 50 பேர் கொடைக்கானல் டூர் கிளம்புகிறார்கள். பஸ் டிக்கியில் அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, அண்டா, பாய், போர்வை. விடிய விடிய வந்து மலையடிவாரத்து காமக்காபட்டி செக்போஸ்ட்டை தொட்டால், பஸ் நீளம் அதிகம், மேலே விட முடியாது என்கிறார்கள். அப்புறம் என்ன? பணமும் போச்சு, பிள்ளைகள் முகமும் வாடிப்போச்சு.

இந்த கதி வராமல் இருக்க கொஞ்சம் விவரம் தெரிஞ்சுக்கணும்.

12 மீட்டர் கணக்கு

12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பஸ், சரக்கு வாகனங்கள் கொடைக்கானல் மலைக்கு செல்ல 2024 நவம்பர் 18 முதல் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. 12 மீட்டர் என்றால் சுமார் 39 அடி. வழக்கமான டூரிஸ்ட் பஸ்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். சிக்கல் எல்லாம் பின்னாடி 2 ஆக்சில் வைத்த மல்டி ஆக்சில் சொகுசு பஸ்களுக்குத்தான். இவை 13, 14 மீட்டரை தாண்டுவது உண்டு.

வளைவில் என்ன நடக்குது?

கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி கூடக்கூட வெட்டும் கூடும். அதனால் டிரைவர் எதிர் வண்டி வரும் பக்கம் ஏறித்தான் திருப்பணும். பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டு இருக்கும் பாகமோ வெளிப்பக்கம் வீசி தடுப்புச்சுவரை உரசும்.

ஒரே மூச்சில் திரும்பலைன்னா ரிவர்ஸ் எடுக்கணும். பின்னால் ஏற்றத்தில் வரிசையாக வண்டி நிற்கும்போது எங்கே எடுப்பது? ஒரு பஸ் மாட்டினால் மலைப்பாதை முழுக்க ஜாம். மலையில் இருந்து தேனி, மதுரை ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு இறங்கும் ஆம்புலன்சும் அதில்தான் நிற்கணும்.

இ-பாஸ் மறக்காதீங்க

ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல், ஊட்டிக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4 ஆயிரம், வார இறுதியில் 6 ஆயிரம் வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்சில் போனால் இந்த கவலை இல்லை.

என்ன செய்யணும்?

* பஸ் பேசும்போதே நீளம் எத்தனை மீட்டர் என்று கேளுங்க. சீட்டு கணக்கை மட்டும் நம்பாதீங்க.

* சந்தேகம் என்றால் முன் பம்பரில் இருந்து பின் பம்பர் வரை டேப் பிடித்து அளந்துடுங்க.

* வண்டி நம்பர் முடிவானதும் இ-பாஸ் எடுத்துடுங்க. கடைசி நேரத்தில் வண்டி மாற்றினால் பாசையும் மாற்றணும்.

* கூட்டம் அதிகம் என்றால் ஒரு பெரிய பஸ்சுக்கு பதில் 2 வேன் பிடிக்கலாம். வளைவில் திருப்புவதும் சுலபம், மேலே நிறுத்த இடம் கிடைப்பதும் சுலபம்.

* மலைப்பாதை ஓட்டி பழகிய டிரைவரா என்று கேளுங்க. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விடணும், எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்கணும் என்பது அவருக்கு அத்துப்படியாக இருக்கணும்.

விதிமுறைகள் சீசனுக்கு சீசன் மாறும். கிளம்புவதற்கு 2 நாள் முன்பு இன்னொரு தடவை விசாரிச்சுட்டு வண்டி ஏறுங்க.