விண்வெளியில் தரை எது?

விண்வெளியின் எதிர்காலம் என்றதும் ராக்கெட்டும் பொறியாளரும் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் மனிதர் அங்கே தங்கி வாழ்வதென்றால், ஓவியரும் கட்டடக் கலைஞரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எடையே தெரியாத இடத்தில் எது தரை, எது கூரை?

1975 கோடையில், அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் மையமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. சைக்கிள் டியூப் போல ஒரு பிரம்மாண்ட வளையம். குறுக்களவு சுமார் 1.8 கிலோமீட்டர், உள்ளே 10,000 பேர். வளையம் நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும். அப்போது அதன் வெளிச்சுவர் உள்ளே இருப்பவர்களை மையத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைத்தான் அவர்கள் எடையாக உணர்வார்கள். ஆகவே வெளிச்சுவரே தரை.

கணக்கு இவ்வளவுதான். அதைக் கண்ணால் பார்க்க வைத்தவர்கள் டான் டேவிஸ், ரிக் கைடிஸ் என்னும் ஓவியர்கள். அவர்கள் படங்களில் வீடுகளும் மரங்களும் நீரோடைகளும் இருக்கின்றன. ஆனால் நிலம் மட்டும் தொலைவில் தாழாமல் மேல்நோக்கி வளைந்து ஏறுகிறது. அந்த ஆய்வின் அறிக்கையைப் படிக்காதவர்கள்கூட இந்தப் படங்களைப் பார்த்திருப்பார்கள்.

சோவியத் ஒன்றியத்தில் இதே கேள்வி சிறிய அளவில், அவசரத் தேவையாக எழுந்தது. 1960களில் சோயுஸ் விண்கலத்துக்கு உள்வடிவம் தேவைப்பட்டது. பொறியாளர்கள் தந்த வரைவு தலைமை வடிவமைப்பாளர் கொரொல்யோவுக்குப் பிடிக்கவில்லை. அவரது அலுவலகத்தில் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் கலீனா பலாஷோவா வேறொன்றை வரைந்தார். சோபாவும் அலமாரியுமாக ஒரு சிறிய வசிப்பறை. சுவரில் மாட்ட, அவரே தீட்டிய நீர்வண்ண இயற்கைக் காட்சிகள்.

எடையை உண்டாக்கும் அளவுக்கு சோயுஸ் சுழல்வதில்லை. அதனால் கீழ், மேல் என்ற உணர்வைக் கண்ணுக்கு ஊட்ட வேண்டியிருந்தது. பின்னர் அவர் பங்காற்றிய மீர் விண்வெளி நிலையத்தின் மையக் கலத்தில், பணிப்பகுதியின் தரை அடர்பச்சை, சுவர் வெளிர்பச்சை, கூரை வெள்ளை. வண்ணம் அங்கே அலங்காரம் அல்ல, திசைகாட்டி. ரகசியத் திட்டம் என்பதால் அவரது பங்கு நெடுங்காலம் வெளியுலகுக்குத் தெரியாமலே கிடந்தது. எனக்கு இது வருத்தம் தருகிறது.

பலாஷோவாவின் அறை மெய்யாகவே விண்ணுக்குப் போயிற்று. சுழலும் குடியிருப்பு இன்னும் படத்தில்தான். ஆனால் அந்தப் படங்களின் பிடி தளரவில்லை: 2019இல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தன் விண்வெளிக் கனவை விளக்கியபோது, அதே மேல்நோக்கி வளையும் நிலத்தைத்தான் காட்டினார். 1975 ஓவியங்களில் பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் வசதியான புறநகர் ஒன்றின் சாயல் தெரிகிறது. வேறு ஊர்களின் ஓவியர்களும் இந்த வளையத்தை வரைய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவர்கள் அதில் சந்தையை எங்கே வைப்பார்கள், இடுகாட்டை எங்கே வைப்பார்கள்?