நாலும் இல்லாமல் ஒரு கோயில்!

‘டயம் இல்லை, பணம் இல்லை, இடம் இல்லை, தட்டிக்கொடுக்க ஆள் இல்லை. இந்த நாலும் இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன், ஸார்!’

திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரத்துக்கு ஆபீஸ் போகிற இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒருவருக்குப் பாட்டு, ஒருவருக்கு ஓவியம், ஒருவருக்கு நாடகம்... பாதியில் நின்றுபோன ஆசை ஒன்று டிபன் பாக்ஸுக்கு அடியில் கட்டாயம் இருக்கும். நின்றதற்குக் காரணம்? மேற்படி நாலுதான்!

இவர்களுக்கான பதிலை 1,400 வருஷங்களுக்கு முன்னாலேயே ஒருவர் பாறையில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில், மண்டகப்பட்டில்.

சின்னக் குடைவரைக் கோயில். முகப்பில் இரண்டு தூண்கள், இரு ஓரத்திலும் துவாரபாலகர்கள், உள்ளே மூன்று காலி அறைகள். மாமல்லபுரம் பார்த்த கண்ணுக்கு ‘ப்பூ, இவ்வளவுதானா?’ என்று தோன்றும். கல்வெட்டில் எழுதியிருப்பது தெரிந்தால் தோன்றாது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் செய்த கோயில் இது என்கிறது அந்த சமஸ்கிருத ஸ்லோகம்.

விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்ம பல்லவரின் பட்டப்பெயர். அந்த நாளில் கோயில் என்றால் அந்த நாலு சாமான்கள்தான். மரம் உளுத்துப்போகும், செங்கல் சரியும். ராஜாவுக்கு அந்த நாலும் கிடைக்காதா என்ன? வேண்டாம் என்று தள்ளினார். எஞ்சியது பாறையும் உளியும். ‘இல்லை’ என்பது நமக்குப் புலம்பல். அவருக்கு அதுவே பெருமை!

‘ராஜாவுக்கென்ன, பொழுது போகவில்லை, குடைந்தார்’ என்கிறீர்களா? சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி படையோடு வந்து பல்லவ மன்னரைக் காஞ்சி மதிலுக்குள் பதுங்க வைத்ததாக 634-ம் வருஷத்து ஐஹொளே கல்வெட்டு மார்தட்டுகிறது. அந்தப் பல்லவர் இவர்தான் என்கிறார்கள் சரித்திர ஆசிரியர்கள். உங்கள் மேனேஜர் அந்த அளவுக்குப் போகமாட்டார்!

இத்தனை தலைவலியிலும் மனுஷர் ஒரு காமெடி நாடகம் எழுதினார். ‘மத்தவிலாசப் பிரகசனம்’. ஒரு காபாலிகனின் மண்டையோட்டுப் பிச்சைப் பாத்திரம் காணாமல் போகிறது. புத்த பிட்சுதான் திருடிவிட்டார் என்று காபாலிகன் சண்டைக்குப் போகிறான். கடைசியில் பார்த்தால், தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! சைவம், பௌத்தம் எதையும் விட்டுவைக்காத கிண்டல். மத்தவிலாசன் என்பதும் அவருடைய பட்டப்பெயரே. அதைத் தூக்கி ஒரு கேலி நாடகத்துக்கு வைத்தார். கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்கத் தெரிவதும் ஒரு ஞானம்தான்.

இன்னொன்று. மண்டகப்பட்டில் ராஜாவின் பெயர் இருக்கிறது. பாறையைக் குடைந்தவர்களின் பெயர் இல்லை. ஆபீஸில் நாம் ராத்திரி உட்கார்ந்து தயாரித்த ரிப்போர்ட்டில் அதிகாரி கையெழுத்து மட்டும் இருப்பதில்லையா, அதுபோல! ஆனால், அந்தக் கைகள் பழகிக்கொண்ட வித்தைதான் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று வளர்ந்து மாமல்லபுரம் ஆனது. சுமாரான அந்த முதல் கோயிலை யாரும் குடையாமல் இருந்திருந்தால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பாதியில் விட்டதை மறுநாளே எடுங்கள், அரை மணி நேரமானாலும் சரி. ‘டயம் இல்லை’ என்று மட்டும் அந்தப் பாறையிடம் சொல்லிவிடாதீர்கள். சிரித்துவிடும்!