அப்பாவின் சம்பளச் சீட்டு

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை அம்மா வழியாகத்தான் சொல்வார்கள். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, இன்று தோட்டப் பிள்ளைகளுக்கே படிப்பிக்கும் எனக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் அப்பாவும் மகளும் தனியாகப் பேச இடமேது? அடுத்த வீட்டுக்குக் கேட்காத பேச்சே இல்லை. அதைவிடப் பழைய காரணமும் உண்டு. 1948 குடியுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவரிடமும் தகப்பனோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. இந்திய வம்சாவளியினரான எங்கள் தோட்ட மக்களில், கடதாசி இல்லாத லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தபோது அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தன் தலைவிதியைப் பற்றியே வாய்திறக்க முடியாமல் வளர்ந்த தகப்பன்மார் வீட்டிலும் மௌனமானார்கள் என்றே நினைக்கிறேன்.

சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் என்னைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பப் பேச்சு நடந்தது. இஸ்தோப்பில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் நேராகவே சொன்னேன்: “அப்பா, எனக்கு உயர்தரம் படிக்கணும்.” அவர் கோபப்படவில்லை. உள்ளே போய்ச் சம்பளச் சீட்டை எடுத்துவந்து தந்தார். “நீயே வாசிச்சுப் பாரு புள்ள.” தீபாவளி முற்பணம், சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் பணம் என்று வரிசையாகக் கழித்திருந்தார்கள். மிஞ்சியது மாதச் சாமானுக்கே போதாது. அம்மாவின் தோடு அடகில் இருப்பதையும் அன்றுதான் சொன்னார். பிறகு மூவருமாக உட்கார்ந்து பஸ் காசு, கொப்பி, வகுப்புக் கட்டணம் என்று கணக்குப் போட்டோம். அந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி வேண்டாம் என்று நானே சொன்னேன். படிப்பு தொடர்ந்தது.

என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அப்பா களைத்து வந்தவுடன், அல்லது குடித்திருக்கும்போது பேச்செடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போகும்போது கூடப் போங்கள். நடக்கையில் பேச்சு தானாக வரும். ஆசையோடு செலவையும் சொல்லுங்கள். கைநீட்டும் அப்பாவாக இருந்தால் மாமாவையோ நம்பகமான ஆசிரியரையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

கடனை மறைக்கும் அப்பாவும் விருப்பத்தை மறைக்கும் பிள்ளையும் ஒரே காம்பராவில் இருந்துகொண்டு, ஒருவருக்காக ஒருவர் தவறான முடிவெடுக்கிறார்கள். அப்பாமாரே, பிள்ளை முதலில் பேசட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த சம்பளச் சீட்டை நீங்களே பிள்ளையின் கையில் கொடுங்கள்.