அலைச் சமன்பாட்டில் அலைவது யாது?

ஒசுத்திரிய அறிஞர் சுரோடிங்கர் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட சமன்பாடு குவாண்டம் இயக்கவியலின் அடித்தளமாகும். அதன் குறியீடுகளைக் கண்டு மருளவேண்டுவதில்லை. ஒரு துணிக்கையின் இயக்கப்பண்புச் சக்தியும் நிலைப்பண்புச் சக்தியும் சேர்ந்து மொத்தச் சக்தியாகும் என்னும் பழைய உண்மையே அங்கு அலையின் மொழியிற் கூறப்படுகின்றது. அலை எத்துணைக் கடுமையாக வளைகின்றதோ, அத்துணை மிகுதியாகும் இயக்கப்பண்புச் சக்தி.

இரு முனையும் கட்டப்பட்ட வீணைத் தந்தி தன் நீளத்துள் முழுவெண்ணான அரையலைகளையே கொள்ளும். அவ்வாறே கருவின் கவர்ச்சியாற் கட்டுண்ட இலத்திரனின் அலையும் சில வடிவங்களையே ஏற்கும். ஆதலின் அதன் சக்தியும் படிபடியாகவே அமையும். 1913இல் போர் கட்டளையாக விதித்த படிகள் ஈண்டுத் தாமே விளைகின்றன.

வீணையில் அலைவது தந்தி. இங்கு அலைவது யாது? தெல்தோட்டையில் யான் கற்பிக்கும் மாணவர் இதனை வினவாதுவிடின் அன்றோ கவலைப்படவேண்டும்! இலத்திரனின் மின்னேற்றமே வெளியிற் பரந்து கிடக்கின்றதெனச் சுரோடிங்கர் முதலிற் கருதினார். ஆயின் அவ்வாறு பரந்த ஏற்றத்தின் ஒரு துண்டை எவரும் கண்டிலர். கருவியிற் பதிவது எப்போதும் முழு இலத்திரனே. அதே ஆண்டில் மாக்சு போர்ண் தந்த விளக்கமே நிலைத்தது. அலைச்சார்பினது பருமனின் வர்க்கம், இலத்திரனை ஓரிடத்திற் காணும் நிகழ்தகவின் அடர்த்தியைத் தரும் என்பதே அது. இவ்விளக்கத்துக்கு நோபெற் பரிசு வந்துசேர 1954 வரை செல்லவேண்டியிருந்தது.

இலத்திரன் கருவினுள் ஏன் வீழ்ந்துவிடவில்லை என்பதற்கும் இங்கே விடையுண்டு. கருவை நெருங்க நெருங்க நிலைப்பண்புச் சக்தி குறையும். ஆனால், சிற்றிடத்தில் அடைபட்ட அலை மிக வளைதலின் இயக்கப்பண்புச் சக்தி அதனினும் விரைந்து ஏறும். இரண்டும் இசைந்த இடத்தில் ஐதரசன் அணு நிலைபெறுகின்றது; அதனின்றும் இலத்திரனைப் பிரிக்க 13.6 இலத்திரன்வோற்றுச் சக்தி வேண்டும்.

இப்புதுக் கொள்கை தமிழர் ஒருவர் கைக்கு வந்த வரலாறு சுவையானது. 1928இல் செருமானிய அறிஞர் சொமர்பெல்ட் சென்னைக்கு வந்தபோது, அவரது அணுநூலைக் கற்றிருந்த மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவரைச் சென்று கண்டார். அந்நூலின் பின் அணுவியலே மாறிவிட்டதென நூலாசிரியரே கூறினாராம். ஈராண்டின்பின், இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்தபடியே, அடைபட்ட இலத்திரன்கள் காட்டும் எதிர்ப்பை வெண்குறுவிண்மீன்களுக்குப் பொருத்திக் கணித்தார் சந்திரசேகர். ஒரே நிலையில் இரு இலத்திரன்கள் நில்லா என்னும் பௌலியின் விதியும், ஐன்சுரைனின் சார்புக் கொள்கையும் அக்கணிப்பிற்குத் துணைநின்றன. அவ்வெதிர்ப்புக்கும் ஓர் எல்லையுண்டென அவர் கண்டார். பின்னர்ச் செம்மை செய்யப்பட்ட அவ்வெல்லை ஞாயிற்றின் திணிவில் ஏறத்தாழ 1.4 மடங்கு; அதனை விஞ்சிய விண்மீனை இலத்திரன்களின் அழுத்தம் தாங்கமாட்டாது.