தொய்வு நோயும் மூச்சுக்குழாய்த் தசையும்

நள்ளிரவில் வீட்டார் அனைவரும் உறங்க, ஒருவர் மட்டும் படுக்கையில் எழுந்தமர்ந்து, முன்புறம் சாய்ந்து, மூச்சுக்குப் போராடும் காட்சியை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். உள்ளிழுத்த காற்றை வெளிவிட இயலாது நெஞ்சு சீழ்க்கையொலி எழுப்பும். இதனையே தொய்வு என்றும் ஆஸ்துமா என்றும் கூறுகின்றோம். அவ்வேளையில் மூச்சுக்குழாய்களில் நிகழ்வது யாது?

சுவாசப்பையினுட் கிளைத்துச் செல்லும் குழாய்களை மழமழப்பான தசை சூழ்ந்துள்ளது. கைகால்களை அசைக்கும் தசைபோல இது நம் விருப்பத்துக்குப் பணிவதன்று. இது சுருங்கினாற் குழாய் ஒடுங்கும். சீராகக் காற்றோடும் குழாயொன்றின் ஆரை பாதியாகக் குறையுமாயின், காற்றுக்குள்ள தடை 16 மடங்காகும்.

சுருங்கும்படி கட்டளையிடுவோர் யார்? நரம்பு நுனியிலிருந்து அசெற்றைல்கோலின் வருகின்றது. ஒவ்வாத தூசி புகுந்தவிடத்து, சில கலங்கள் இஸ்தமினையும் லூக்கோத்திரையீனையும் வெளிவிடுகின்றன. இத்தூதுவர்கள் தசைக்கலத்தினுள் நுழைவதில்லை. வாயிலில் நிற்கும் ஏற்பி என்னும் புரதத்திடம் செய்தியை ஒப்படைக்கின்றனர். உடனே கலத்தின் உட்களஞ்சியம் திறந்து கல்சியம் வெளிப்படுகின்றது. அது கல்மொடுலின் என்னும் புரதத்தோடு இணைந்து ஒரு நொதியத்தைத் தூண்ட, தசையிழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன.

இதற்கு மாறான கட்டளையும் உண்டு. அதிரனலின் பீற்றா-2 என்னும் ஏற்பியைத் தொட்டதும், கலத்தினுள் வளைய ஏ.எம்.பி. என்னும் பொருள் பெருகித் தசை தளர்கின்றது. இப்பொருளைக் கண்டறிந்த ஏள் சதலண்ட் 1971 இல் நோபெல் பரிசு பெற்றார். 1969 இல் மருத்துவத்துக்கு வந்த சல்பியூட்டமோல் இவ்வழியே செயற்படுகின்றது. உள்ளிழுத்த சில நிமிடங்களில் மூச்சு இலகுவாவது இதனாலேயே.

ஆனால், ஆபத்து இவ்விடத்தேதான் மறைந்திருக்கின்றது. தசை தளர்ந்தாலும் குழாய்ச் சுவரின் அழற்சி தணிவதில்லை. வீக்கமும் சளியும் எஞ்சியிருக்கும். ஒரே கட்டளையை ஓயாது கேட்கும் ஏற்பிகளும் நாளடைவில் மந்தமடையும். 1960களில் இங்கிலாந்தில் ஆஸ்துமா மரணங்கள் அதிகரித்தபோது, செறிவுமிக்க ஐசோபிரனலின் மருந்தின் மிகையான பாவனையோடு ஆய்வாளர்கள் அதனைத் தொடர்புபடுத்தினர். குறுகிய நேரம் செயற்படும் தளர்த்தி மருந்தை மட்டும் கொண்டு வளர்ந்தோருக்குச் சிகிச்சை செய்தலாகாது என 2019 இல் சர்வதேச வழிகாட்டலொன்று அறிவுறுத்தியது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டிரொயிட் மருந்தையும் உள்ளிழுத்தல் வேண்டும்.

ஆகவே, மூச்சு இலகுவாயிற்று என்று அம்மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். தளர்த்தி மருந்து அடிக்கடி தேவைப்படுமாயின், நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்பதே பொருள். காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுங்கள்.