உருகும் மேசன்கள்

பொற்கொல்லரின் உலையருகே நின்று பார்த்தவர்கள் ஓர் உண்மையை அறிவர். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். வெள்ளிக்கு 962 பாகையும் பொன்னுக்கு 1,064 பாகையும் வேண்டும். ஆகவே, வெப்பமானி கையில் இல்லாவிடினும், எந்த உலோகம் உருகிற்று, எது உருகாது நின்றது என்பதைக் கொண்டே உலையின் வெப்பத்தை ஒருவாறு மதிப்பிடலாம். இதே உபாயத்தைக் கொண்டு, எக்கலமும் தாங்கவொண்ணாத வெப்பத்தை அளக்க விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர். அங்கே உலோகங்களின் இடத்தில் நிற்பவை மேசன்கள் என்னும் நுண்துணிக்கைகள். அம்முயற்சியின் கதையை இன்று வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

மேசன் என்பது யாது?

அணுக்கருவினுள் புரோத்தன்களையும் நியூத்திரன்களையும் பிணைத்து வைத்திருப்பது எது? இவ்வினாவுக்கு விடையாக, 1935ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் யுக்காவா ஒரு புதிய துணிக்கையை ஊகித்தார். 1947இல் செசில் பவலும் அவர்தம் குழுவினரும், பிரான்சின் பிக் டு மிடி மலையிலும் தென்னமெரிக்க அந்தீசு மலையிலும் வைத்த ஒளிப்படத் தகடுகளில் அதன் சுவட்டைக் கண்டனர். ஊகித்தவருக்கு 1949இலும் கண்டவருக்கு 1950இலும் நோபல் பரிசு கிடைத்தது.

மேசன் என்பது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த சோடி என்பது பின்னர் தெளிவாயிற்று. இச்சோடியைப் பிரித்துத் தனிக் குவார்க்கைக் கண்டவர் எவருமிலர். ஆயின், வெப்பம் ஏறத்தாழ 1,80,000 கோடி பாகையை எட்டும்போது நிலைமை மாறுகிறது. அது சூரியனின் நடுப்பகுதியிலுள்ள வெப்பத்தைப்போல் ஓர் இலட்சம் மடங்குக்கும் மேற்பட்டது. அந்நிலையில் புரோத்தன்களும் நியூத்திரன்களும் கரைந்து, குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவன்களும் கலந்த குழம்பு தோன்றுகிறது. அண்டம் பிறந்து செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கு கழியும்வரை, ஏறத்தாழ இவ்வாறே பொருளெல்லாம் இருந்தது என்பர்.

கணினிக்குள் ஓர் உலை

அக்குழம்பினுள் மேசன்களின் கதி யாது? குவார்க்குகளின் விசையை விளக்கும் சமன்பாடுகளை நாம் அறிவோம். எனினும் அவற்றைத் தாளும் பேனாவும் கொண்டு தீர்த்தல் இயலாது. 1974இல் அமெரிக்க அறிஞர் கெனத் வில்சன் ஒரு வழி காட்டினார். வெளியையும் காலத்தையும் மீன்வலைபோன்ற ஒரு சாலகமாகக் கருதுக. வலையின் முடிச்சுகளில் குவார்க்குகள் இருக்கும். முடிச்சுகளை இணைக்கும் நூல்களில் குளுவன்கள் இருக்கும். எஞ்சிய பெருங்கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும். இதில் வியப்பு யாதெனின், வலையின் காலப் பக்கத்தைக் குறுக்கினால் அதன் வெப்பநிலை உயர்கிறது. விறகுமின்றி நெருப்புமின்றி உலை தயார்!

உருகிற்றா, இல்லையா?

1974 நவம்பரில் அமெரிக்காவின் இரு ஆய்வுகூடங்களில் ஒரே வேளையில் கண்டுபிடிக்கப்பட்ட மேசன் ஜே-சை. 1986இல் மட்சூயி, சாட்சு என்னும் இருவர், சூடான குழம்பில் ஜே-சை உருகிவிடும் என்றும், கனமான அணுக்கருக்களை மோதச் செய்து அம்மேசன் குறைந்திருக்கக் கண்டால் குழம்பு தோன்றியமைக்கு அது சான்றாகும் என்றும் எழுதினர். பல பரிசோதனைகள் இக்கருத்தை நம்பியே நடந்தன.

ஆனால் 2004இல் வெளியான சாலகக் கணிப்புகள் வேறு கதை கூறின. குழம்பு தோன்றும் வெப்பநிலையைப்போல் ஒன்றரை மடங்கு வரையிலும் ஜே-சை உருகாது நிற்கிறது என்றன அவை. 2012இல் வெளியான மற்றொரு கணிப்போ, அதே ஒன்றரை மடங்கு அளவிலேயே அது மறைந்துவிடுகிறது என்றது. சமன்பாடு ஒன்று, முறை ஒன்று. முடிபுகள் மட்டும் இரண்டு!

காரணம் யாது? சாலகத்தில் நேரே கிடைப்பது மேசனின் உருவமன்று, அதன் நிழலே. சுவரில் விழும் கைந்நிழலைக் கண்டு விரல்களை எண்ணுவதுபோல, அந்நிழலிலிருந்து உருவத்தை மீட்க வேண்டியுள்ளது. வெப்பம் ஏற ஏறக் காலப் பக்கம் குறுகுவதால் நிழலும் குறுகுகிறது. உருகுமிடத்தை அறியவேண்டிய வேளையிலேயே நிழல் மங்கிவிடுகிறது! ஒரே நிழலுக்குப் பல உருவங்கள் பொருந்தும்போது அறிஞர் மாறுபடுதல் இயல்பே. ஆகவே, முடிச்சுகள் நெருங்கிய பெரிய வலைகளைப் பின்னுவதும், நிழலைப் படிக்கப் புதிய முறைகளை வகுப்பதுமே அவர்கள் தொழிலாயிற்று.

உலையிலிருந்து ஒரு சான்று

இதற்கிடையில் 2012இல், செனீவா நகரருகே நிலத்தடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையத்தில் ஈய அணுக்கருக்களை மோதச் செய்தவர்கள் ஒரு செய்தி வெளியிட்டனர். உப்சிலன் என்னும் மேசன் மூவகை நிலைகளில் காணப்படும். இறுகப் பிணைந்த நிலை ஓரளவே குறைந்திருந்தது. தளர்ந்த நிலைகள் மிகுதியாகக் குறைந்திருந்தன. வெள்ளிக்கு முன் ஈயம் உருகும் ஒழுங்கு அங்கும் புலப்பட்டது. மேசன் வெப்பமானியின் மேல் வைத்த நம்பிக்கை வீணன்று.

ஆயினும் அவ்வெப்பமானியில் பாகைகளைக் குறிக்கும் கோடுகளை இடவேண்டியது சாலகக் கணிப்பே. ஈயம் 327 பாகையில் உருகும் என்று முன்னரே அறிந்திராதவனுக்கு, உருகிய ஈயம் உலையின் சூட்டை எவ்வாறு உரைக்கும்? விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இதனைச் சிந்திப்பாராக. நிழலைக் கண்டு விரைந்து தீர்ப்புரைத்தல் எளிது. நிழல் எவ்வளவு காட்டுகிறது என்று அளந்து கூறுதலே அரிது.