ஊசி நாலு நாளில் நின்றால் பயப்பட வேண்டுமா?

நவம்பர் 18-ல் ஆன்டிபயாடிக் விழிப்புணர்வு வாரம் தொடங்குகிறது. 'கோர்ஸை முழுதாக முடியுங்கள்' என்ற வாசகம் மறுபடி சுவரேறும். எத்தனை நாள் என்று சொல்லாத முழுமை அது. குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆனவர்களின் வீட்டார் குழம்புவதும் இங்கேதான்: நாலாம் நாளே ஊசியை நிறுத்துகிறார்களே, செலவை மிச்சம் பிடிக்கிறார்களா? 2001 பிப்ரவரி 28-ல் தங்கச்சுரங்கமும் அதோடு சுரங்க ஆஸ்பத்திரியும் கைவிட்டுப்போன ஊர் நம் தங்கவயல். இவ்வூர்க்காரர்கள் எந்தக் குறைப்பையும் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் இந்தக் குறைப்புக்கு ஆதாரம் இருக்கிறது.

அமெரிக்கா, கனடாவில் வயிற்றுத் தொற்றுக்கு ஆளான 518 பேரிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. தொற்றின் மூலத்தை அகற்றியபின் ஒரு பிரிவுக்கு நாலு நாள் மருந்து, மற்றதற்குச் சுமார் எட்டு நாள். காயத்தில் சீழ், மறுதொற்று, மரணம் மூன்றும் சேர்ந்து 21.8 சதவீதம், 22.3 சதவீதம். உறுத்துவது இன்னொரு எண்: காயத்தொற்று வெளிப்பட்டது முதல் பிரிவில் சராசரியாக 9-ம் நாள் வாக்கில், நீண்ட சிகிச்சையில் 15-ம் நாள். கூடுதல் மருந்து சீழைத் தடுக்கவில்லை, தள்ளிப்போட்டது. சீழ்க்கட்டிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தத்தில் போகும் மருந்து அங்கே போதிய அளவு எட்டாது, காய்ச்சலை மட்டும் அமுக்கிவைக்கலாம். படுக்கையில் இருக்கும்போதே தெரிய வேண்டியது, வீடு திரும்பியபின், கோலார் ஆஸ்பத்திரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளித் தங்கவயலில் தெரியவரும்.

அந்த 518 பேரில் குடல்வால் நோயாளிகள் சிறுபான்மைதானே என்பது சரியான ஆட்சேபம். வெடித்த, அழுகிய குடல்வால் நோயாளிகள் சுமார் ஆயிரம் பேரிடம் நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2023-ல் வந்தது: இரண்டு நாள் மருந்தில் சிக்கல் 10 சதவீதம், ஐந்து நாளில் 8. பெரிய வித்தியாசமில்லை, ஆனால் மறுபடி அட்மிட் ஆனவர்கள் 12 சதவீதம், 6 சதவீதம். ஆஸ்பத்திரி தூரமாக உள்ளவருக்கு இரண்டு நாள் கணக்கை நான் ஏற்கமாட்டேன். நாலைந்து நாளை ஏற்பேன். நம்மூர்க் கிருமி மருந்துக்கு மசியாதே என்றால், உண்மைதான். அதற்கு வழி கல்ச்சர் டெஸ்ட் பார்த்து மருந்தை மாற்றுவது. மசியாத மருந்தையே நீட்டுவதல்ல. ஐந்தாம் நாளும் காய்ச்சல் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது ஸ்கேன்.

டிரெய்ன் குழாய்? வழக்கமாக வைப்பதால் சீழ் குறைவதாக நிரூபணமில்லை. தையலுக்கு முன் கிளவுஸ், கருவிகளை மாற்றுவது? இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,301 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், மாற்றாதபோது 18.9 சதவீதமாக இருந்த காயத்தொற்று, மாற்றியபோது 16. டிஸ்சார்ஜுக்குப் பின் காய்ச்சல்? மெடிக்கல் ஷாப்புக்கு அல்ல, ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள்.